சைக்கஸுக்கு இரண்டு வேளைத் தண்ணீர்

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் புறப்பட்ட அன்று வால்வுக்காரரிடம் அவர் வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போன காரியங்கள் மொத்தம் பதினொன்று. அவற்றில் பத்து, செய்ய வேண்டியவை. படுக்கும் முன் கேஸை மூட வேண்டும், பால் பாத்திரத்தை உடனே ஊறப்போட வேண்டும், மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், இப்படி. ஒன்றே ஒன்றுதான் செய்யக் கூடாதது. வால்வுக்காரர் அந்தப் பத்தில் பாதியை ரயில் கிளம்பும் முன்பே மறந்துவிட்டார். செய்யக் கூடாத அந்த ஒன்றை மட்டும் தினம் இரண்டு வேளை தவறாமல் செய்தார்.

வாசல் தொட்டியில் இருந்த சைக்கஸ் செடிக்கு அவர் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதுதான் அது.

“மாசம் ஒரு தடவை தையல்காரர் வந்து ஊத்திட்டுப் போவாரு, சொல்லி வச்சிருக்கேன். நீங்க அது பக்கமே போக வேண்டாங்க. அது பாட்டுக்கு இருக்கும்” என்று ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து அவள் சொன்னாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. முப்பத்து நாலு வருஷம் வால்வைத் திருகி ஊருக்கே தண்ணீர் விட்டவன் நான். என் வீட்டு வாசலில் இருக்கிற ஒரு செடிக்கு ஊற்றப் பக்கத்து வீட்டுத் தையல்காரனா?

சைக்கஸைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நர்சரிகளில் சேகோ பாம் என்று அட்டை மாட்டி வைத்திருப்பார்கள். பார்க்கக் குட்டிப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேரில் சேகோ இருக்கிறதே என்று ஜவ்வரிசிக்கு ஆசைப்பட்டு வாயில் வைத்தால் நேரே ஆஸ்பத்திரிதான். இலை, விதை, தண்டு அத்தனையும் விஷம். தண்டு அன்னாசிப்பழம் போலச் செதில் செதிலாக இருக்கும். உச்சியில் சீப்புச் சீப்பாக இலைகள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஓர் ஊசி. வருஷத்துக்கு ஒரு முறை பத்துப் பன்னிரண்டு குருத்துகள் ஒன்றாகச் சுருண்டு எழும்பும். சில வருஷம் அதுவும் கிடையாது. மற்ற நாளில் அது வளர்கிறதா, சும்மா நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. வீட்டுக்காரி அதைக் கைப்பிடி அளவு கிழங்காக வாங்கி வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது முழங்கால் உயரம்.

அவள் அதைப் பார்த்துக்கொண்ட விதமும் அதைப் போலவே சத்தமில்லாதது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பாள். ஈரம் ஒட்டினால் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒட்டாவிட்டால் ஒரு செம்பு, அதுவும் தண்டின் உச்சியில் படாமல் ஓரமாக. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூச்சி ஒட்டினால் நனைந்த துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். குருத்து வரும் இரண்டு வாரம் வாசலில் யாரையும் உரசிப் போக விடமாட்டாள். வால்வுக்காரருக்கு அந்தச் செடியோடு இருந்த பழக்கமெல்லாம், விடிகாலையில் சைக்கிளை வெளியே தள்ளும்போது சட்டைக் கையில் அது ஒரு குத்துக் குத்தும், அவர் “சே” என்பார், அவ்வளவுதான்.

அவருடைய வேலை அப்படி. நெஞ்சளவு உயரமுள்ள இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும். மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, வால்வைத் திருக வேண்டும். இருபத்து மூன்று வால்வு. எது பதினொரு சுற்று, எது ஒன்பதரைச் சுற்று, எது பாதியில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும். சாவியின் முனையில் காதை வைத்தால் தண்ணீர் எந்த வீடு வரை போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தண்ணீர் வரவில்லை என்று ஒரு தெரு சண்டைக்கு வந்தால் அவரிடம் ஒரே வைத்தியம்தான், இன்னும் இரண்டு சுற்றுத் திறப்பது. எந்தப் புகாரும் அதில் அடங்கிவிடும்.

நியாயஸ்தர் என்று பேர் எடுத்தவர். மேட்டுத் தெருவுக்கு நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம். பங்களாக்காரர் டீக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். அவருடைய சொந்தத் தெரு குழாய் வரிசையில் கடைசி, தண்ணீர் நூலாகத்தான் வந்து சேரும். அதற்கும் அதே நாற்பது நிமிஷம். “என் வீடு இருக்கிற தெருவுக்கு ஒரு நிமிஷம் கூட விட்டேன்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்” என்று ஓய்வு பெறும் அன்று மாலை போட்டவர்களிடம்கூடச் சொன்னார். அந்த வருஷமே தெருமுனையில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். வால்வுகள் தாமாகவே திறந்து மூடின. இப்போது குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிறது. அதைத் திறந்துவிட ஓர் ஆள் தேவையில்லை.

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை கிடையாது. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். கை எதையாவது திருகக் கேட்கும். வீட்டில் ஆளும் இல்லை. சோற்றை வடித்து, ஒரு முட்டையை உடைத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தால் எதிரே அந்தச் செடி. அவள் போன நாலாம் நாள் பார்த்தார், அடியில் இரண்டு இலை மஞ்சளாக இருந்தது.

அவர் கண்ணுக்கு அது புகார். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற புகார். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை என்று எந்த மடையன் கணக்குப் போட்டான் என்று தோன்றியது. கணக்குப் போட்டது தன் மனைவி என்பது உடனே ஞாபகம் வந்து, அவள் பெண்பிள்ளை, பாவம், தண்ணீர் இல்லாத காலத்துப் பழக்கம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு வாளி ஊற்றினார். அன்று மாலை இன்னொன்று. அந்தத் தொட்டி மண் தண்ணீரைக் குடிக்கும் ‘சொர்ர்’ சத்தம் கேட்டபோது, இரண்டு வருஷத்துக்குப் பிறகு வேலைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது அவருக்கு. உள்ளதைச் சொன்னால் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி, மாலை நாலு மணிக்கு ஒரு வாளி என்று முறை வைத்தார். இன்னும் நாலு இலை பழுத்தது. இரண்டு சுற்றுக் கூடத் திறப்பது போல வாளிக்கு மேல் ஒரு செம்பு சேர்த்தார். அப்புறம் எட்டு இலை. இரண்டு செம்பு. மாசம் ஆனதும் தையல்காரர் செம்போடு வந்தார். தொட்டி நனைந்திருப்பதைப் பார்த்தவர், மழையா பெய்தது என்று கேட்டார். வால்வுக்காரர், ஆமாம், நம்ம வாசலில் மட்டும் பெய்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பேரன் பிறந்தான். போனில் அந்தச் சந்தோஷம் பேசி முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி செடி எப்படி இருக்கிறது என்பதுதான். ஜம்மென்று இருக்கிறது என்றார். அப்போது பாதி இலை வைக்கோல் நிறம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அறுபது வயதுக்கு மேல் தனக்கு வந்ததை நினைத்து அவருக்கே ஆச்சரியம்.

ஆறாவது வாரம் ஒரு நாள், புளித்த மாவு போல வாசலில் நாற்றம். சாக்கடையா என்று தேடினார், இல்லை. செடியின் தண்டைப் பிடித்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் கல்லாக நின்றது அசைந்தது. அடியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு பழுத்த இலையை ஒடித்து, சைக்கிளில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

நர்சரிக்காரம்மாள் செம்மண் அப்பிய கையோடு நாற்றுப் பைகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முதலில் பழுத்தது மேல் இலையா, கீழ் இலையா என்று கேட்டாள். கீழ் இலை என்றார்.

“அது வயசானதுங்க. பழசு பழுக்கத்தான் செய்யும். வெட்டி விட்டாப் போதும். அதுக்கு என்ன செஞ்சீங்க?”

“தண்ணி ஊத்தினேன்.”

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை?”

“நாளைக்கு ரெண்டு தடவை.”

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். வேர் மூச்சு முட்டி அழுகிவிட்டது, இனி ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றாள். செடியைப் பிடுங்கி, இலை முழுவதையும் வெட்டிவிட்டு, அழுகலைக் கீழிருந்து சீவிக்கொண்டே வர வேண்டும். வெள்ளைச் சதை தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு நிழலில் இரண்டு வாரமாவது காய வைத்து, ஆற்று மணலில் நட வேண்டும். குருத்து விட ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம், விடாமலே போகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், விஷம் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், “நட்ட பிறகு தண்ணி ஊத்தாதீங்க” என்று தனியாக ஒரு முறை சொன்னாள்.

தையல்காரர் உதவிக்கு வந்தார். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு வந்தார். இலைகளை அரிவாளால் வெட்டினார்கள். ஊசிகள் இருவர் கையையும் பதம் பார்த்தன. கடப்பாரையால் நெம்பியபோது தண்டு வேரே இல்லாமல் ‘பொளக்’ என்று கையோடு வந்தது. பழைய ரம்பத்தை வைத்து வால்வுக்காரர் அறுத்தார். முதல் வட்டு பழுப்புக் கூழ், இரண்டாவதும் கூழ். மூன்றாவதில் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. ஒவ்வொரு வட்டு விழும்போதும், இத்தனை வருஷத்தை நாமே அறுத்துப் போடுகிறோமே என்று நினைத்துக்கொண்டார். ஆறாவது வட்டுக்குப் பிறகுதான் உரித்த கிழங்கு போல முழு வெள்ளை தெரிந்தது. தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். பதினெட்டு அங்குலத்தில் எட்டு மிச்சம்.

தையல்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். நர்சரியில் இதே உயரத்தில் ஒன்று நிற்கிறது, வாங்கித் தொட்டியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் போனா என்ன, முழம் போனா என்ன?”

வெள்ளம் என்ற வார்த்தை வால்வுக்காரருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மறுநாள் நர்சரிக்குப் போனார். பயம் மனுஷனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகும். அங்கே ஒன்றுக்கு மூன்று நின்றன, எல்லாம் முழங்கால் உயரம். உங்கள் வீட்டுச் செடி எப்படி இருக்கும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எத்தனை இலை இருந்தது, அதற்குத் தோதாக எடுத்துத் தருகிறேன் என்றாள் அந்த அம்மாள்.

வால்வுக்காரர் யோசித்தார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். இருபத்து மூன்று வால்வும் எத்தனை சுற்று என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வார். வாசலில் இருபத்தாறு வருஷம் நின்ற செடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டையில் குத்தும் என்பது மட்டும்தான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மணலை மட்டும் ஒரு சாக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பொய் சொல்லக்கூட ஒன்றைக் கவனித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தண்டைக் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் மேல் வைத்தார். தினமும் ஐந்து மணிக்குக் குனிந்து பார்ப்பார். ஒன்றும் ஆகியிருக்காது. தொடாமல் எழுந்துவிடுவார். அப்படி எழுந்து வருவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பதினாறாவது நாள் காலையில், வருவதாகச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்காரி வந்து நின்றாள். பேரன் நன்றாகப் பால் குடிக்கிறான், சம்பந்தியம்மாள் வந்துவிட்டாள், வீட்டு நினைப்பாகவே இருந்தது, அதனால் கிளம்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்தவள், செடி இல்லாத தொட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

வால்வுக்காரர் இந்த நிமிஷத்துக்காகப் பல வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து, செய்தித்தாளோடு அந்த எட்டு அங்குலக் கட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

“நான்தான் ஊத்தினேன். ரெண்டு வேளையும் ஊத்தினேன்” என்றார்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அறுத்த இடத்தை முகர்ந்து பார்த்தாள். கட்டை விரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“இலை பழுத்துச்சு. தண்ணி இல்லாமத் தவிக்குதோன்னு நெனச்சேன். மனசு கேக்கல” என்றார் அவரே.

“மனசு கேக்கல” என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, அவரைப் பார்க்காமல், மடியில் இருந்ததைப் பார்த்தபடியே பேசினாள். “இதை எதுக்கு வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஆசைப்பட்டு வாங்கினே.”

“ஆசைப்பட்டு வச்சது ரோஜாங்க. அந்தத் தொட்டியில ரெண்டு ரோஜா இருந்துச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பாப்பாவுக்கு மூணு வயசு. வயித்தால போயி, மாத்தி மாத்தித் துணி அலச வீட்டுல ஒரு குடம் தண்ணி இல்ல. அன்னைக்கு ஒரே ஒரு தடவை கேட்டேன், இன்னைக்கு மட்டும் நம்ம தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட விடுங்கன்னு. முறைன்னு ஒண்ணு இருக்குன்னீங்க.”

அவருக்கு ஞாபகம் இருந்தது. முறை என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும்கூட ஞாபகம் இருந்தது.

“செடிக்கு ஊத்தத் தண்ணிக்கு எங்க போறது? அந்த வாரமே ரெண்டு ரோஜாவும் காஞ்சு போச்சு. வெறும் தொட்டியைப் பாக்க முடியல. நர்சரியில போயி, தண்ணியே கேக்காத செடி ஏதாவது இருந்தாக் குடுங்கன்னு கேட்டேன். இதைக் குடுத்தாங்க.”

“அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லி? நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலீங்க. நியாயமாத்தான் இருந்தீங்க. ஊர் முழுக்க நியாயம் போய்ச் சேந்துச்சு. கடைசி வீட்டுக்கு வரும்போது தீந்துபோச்சு, அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பார். அவள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, நாளைக்கே ரோஜா வாங்கி வருகிறேன், எத்தனை வேண்டுமானாலும் வாங்கி வருகிறேன், இப்போதுதான் தண்ணீர் இருக்கிறதே என்றார்.

“வேண்டாங்க. வேண்டாவெறுப்பா வாங்கினதுதான். இருபத்தாறு வருஷமா இதைத் தொட்டுத் தொட்டு, எனக்கு இதுதான்னு ஆயிடுச்சு” என்றாள். சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மேல் பக்கம் கெட்டியாகத்தான் இருக்கிறது, மணல் இருக்கிறதா என்று கேட்டாள்.

மணல் இருந்தது. அவர் சாக்கை இழுத்து வந்தார். அவள் அழுகின பழைய மண்ணை முழுக்க அள்ளி வெளியே போடச் சொன்னாள். அடியில் உடைந்த செங்கல் பரப்பச் சொன்னாள். அதற்கு மேல் மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்துத் தள்ளச் சொன்னாள். அவர் எல்லாம் சொன்னபடி செய்தார். தண்டைப் பாதி மட்டும் புதையும்படி அவளே வைத்து, சுற்றிலும் கையால் மணலை இறுக்கினாள். வெயில் ஏறிவிட்டது. பயணம் செய்த சேலையோடு அவளும், பக்கத்தில் அவரும், காப்பிகூடக் குடிக்காமல் வியர்த்துப்போய் நின்றார்கள். தொட்டியில் இருந்தது செடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“இது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?” என்று அவர் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “கேட் பக்கம். வெளிச்சம் அங்கதான் வரும்” என்றாள். பிறகு, “ஏன் கேக்கறீங்க?” என்றாள். சும்மாதான் என்றார் அவர்.

பிழைக்குமா என்று அவர் கேட்கவில்லை. குருத்து வந்தால் வரும், வராவிட்டால் அடுத்த வருஷமும் பார்ப்போம், அதுவரை தொட்டியைத் தொடக் கூடாது என்று அவளே சொன்னாள். தொடமாட்டேன் என்றார். இந்த முறை தலையாட்டவில்லை, வாயால் சொன்னார்.

கையெல்லாம் விஷம், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். வாளியை நிறைத்துக்கொண்டு வந்து, செம்பால் மொண்டு அவள் கையில் ஊற்றினார். அவள் விரல் விரலாகத் தேய்த்தாள். மணல் போய், நுரை போய், கை வெளுத்துச் சுத்தமாகிவிட்டது. போதும் என்றாள். அவர் இன்னொரு செம்பு மொண்டார். போதுங்க என்று அவள் மறுபடியும் சொன்னாள், ஆனால் கையை எடுக்கவில்லை. வாளி காலியாகும் வரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.